பிரெக்ஸிட் நட்டம் 4%, 8%, 1%: ஒரே நாட்டுக்கு மூன்று கணக்கா?

வினாத்தாள் கேட்டது:

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதில் பிரிட்டனுக்கு எவ்வளவு நட்டம் என்று தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அரசுக்கு வரவு செலவு முன்கணிப்பு தரும் ஓ.பி.ஆர். என்ற தன்னாட்சி அமைப்பு 4% என்கிறது. 2025 நவம்பரில் வந்த பொருளியலாளர் நிக்கலஸ் ப்ளூம் குழுவின் ஆய்வறிக்கை நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 6 முதல் 8% என்கிறது. ஜூலியன் ஜெஸ்ஸப், கிரஹாம் கட்ஜின் போன்ற பொருளியலாளர்களோ இவையெல்லாம் ஊதிப் பெருக்கிய எண்கள் என்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2016 வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் சொன்ன பொருளாதார மந்தம் வரவே இல்லை. ஒருமுறை தப்பாகச் சொன்னவர்களின் அடுத்த எண்ணை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கான ஒரு விளக்கக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன, எங்கே உடைகின்றன என்பதுதான் வேண்டும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது வேண்டாம்.

---

கூட்டல்கழித்தல் எழுதியது:

முதலில் அந்த 4 சதவீதத்தைப் பார்ப்போம். அதை யாரும் அளக்கவில்லை. ஓ.பி.ஆர். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்கணிப்புத் தர வேண்டும், அதற்கு ஓர் எடுகோள் தேவை. வெளியார் செய்த 13 ஆய்வுகளின் சராசரியை எடுத்து வைத்துக்கொண்டது. பிரிட்டனின் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட 15% குறையும், அதனால் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4% குறையும் என்பது அந்த எடுகோள். நீண்ட காலம் என்றால் சுமார் 15 ஆண்டு. குடியேற்றம் கூடுவதும் குறைவதும் இந்த 4 சதவீதத்துக்குள் வராது, அதைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே "ஓ.பி.ஆர். 4% நட்டம் என்று கண்டுபிடித்தது" என்று எழுதினால் தப்பு. "4% என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது" என்று எழுதுங்கள்.

6 முதல் 8% வேறு ஜாதி. அது நடந்து முடிந்த ஆண்டுகளைப் பார்த்துச் செய்த மதிப்பீடு. அதிலும் இரண்டு வழிகள் உண்டு. மற்ற வளர்ந்த நாடுகளோடு பிரிட்டனை ஒப்பிட்டால் 8 பக்கம் வருகிறது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2016 முதல் நடத்தும் நிறுவனக் கருத்தாய்வை வைத்து, ஐரோப்பாவோடு அதிகப் பிணைப்புள்ள நிறுவனங்களையும் பிணைப்பில்லாத நிறுவனங்களையும் ஒப்பிட்டால் 6 பக்கம் வருகிறது. முதலீட்டில் 12 முதல் 18%, வேலைவாய்ப்பில் 3 முதல் 4%, உற்பத்தித்திறனில் 3 முதல் 4% குறைவு என்பது அவர்களுடைய மற்ற எண்கள்.

நாடுகளை வைத்து ஒப்பிடுவதில்தான் சண்டை அதிகம், அதை விளக்கமாகச் சொல்கிறேன். விலகாத பிரிட்டன் என்று ஒன்று எங்கும் இல்லை, அதைச் செய்துதான் ஆக வேண்டும். இருபது முப்பது நாடுகளின் ஜிடிபி வரிசையை எடுப்பார்கள். 2016க்கு முந்தைய பிரிட்டனின் வளைகோட்டோடு ஒட்டிப் போகும்படி அமெரிக்காவுக்கு இவ்வளவு பங்கு, ஜெர்மனிக்கு இவ்வளவு, நியூசிலாந்துக்கு இவ்வளவு என்று எடை கொடுப்பார்கள். எடைகள் கூட்டினால் ஒன்று வர வேண்டும், எதிர்மறை எடை கூடாது. இப்படிக் கிடைக்கும் கலவைதான் நிழல் பிரிட்டன். 2016க்குப் பிறகு நிழலுக்கும் நிஜத்துக்கும் விழும் இடைவெளியை நட்டம் என்பார்கள். இந்த முறையில் பொருளியலாளர் ஜான் ஸ்பிரிங்ஃபோர்டு 2022 இரண்டாம் காலாண்டுக்குச் சொன்னது 5.5%.

இதில் கோளாறு வரும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை நான்கு.

அயர்லாந்தைக் கலவையில் சேர்த்தால் போச்சு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே மாற்றியதில் 2015இல் மட்டும் அதன் ஜிடிபி 26% "வளர்ந்தது". அந்த ஒரு நாட்டுக்குச் சின்ன எடை கிடைத்தாலும் நிழல் பிரிட்டன் வானத்தில் பறக்கும்.

அடுத்தது கோவிட். பள்ளி, மருத்துவமனைச் சேவைகளை பிரிட்டன் உண்மையில் எவ்வளவு நடந்தன என்று எண்ணி அளந்தது. செலவை வைத்து அளந்த நாடுகளைவிட அதன் 2020 சரிவு ஆழமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, தரவுத் திருத்தம். 2021 கடைசிக் காலாண்டில் பிரிட்டன் பொருளாதாரம் கோவிட்டுக்கு முந்தைய அளவைவிட 1.2% கீழே இருப்பதாகத்தான் முதலில் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் புள்ளிவிவர அலுவலகம் திருத்தியபோது அது 0.6% மேலே என்றாகிவிட்டது. கிட்டத்தட்ட 2 புள்ளி! ஐந்தைச் சுற்றி வாதாடும் இடத்தில் 2 புள்ளி என்பது சில்லறை இல்லை. திருத்தத்துக்கு முன் வந்த எந்த மதிப்பீட்டையும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

கடைசியாக, தொடக்கத் தேதி. வாக்கெடுப்பு 2016 ஜூன் 23, வெளியேறியது 2020 ஜனவரி 31, ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையை விட்டது 2020 டிசம்பர் 31. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2016இலிருந்து ஆரம்பிப்பதே சரி, ஏனென்றால் பவுண்ட் விழுந்ததும் தொழில் முதலீடு தேங்கியதும் வாக்கெடுப்போடு தொடங்கிவிட்டன. 2021இலிருந்து ஆரம்பித்துவிட்டு "பெரிதாக ஒன்றும் காணோமே" என்பது அடி விழுந்த பிறகு எடை பார்ப்பது மாதிரி.

யாராவது ஒரு எண்ணை நீட்டினால் இரண்டு சோதனை கேளுங்கள். கலவையில் ஒவ்வொரு நாடாக விலக்கிப் பார்த்தால் விடை எவ்வளவு ஆடுகிறது? வாக்கெடுப்பு 2012இல் நடந்ததாகப் பொய்யாக வைத்து அதே கணக்கைப் போட்டால் அப்போதும் "நட்டம்" வருகிறதா? இரண்டாவதில் நட்டம் வந்தால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடலாம்.

---

எதிர்த்தரப்பு எழுதியது:

மேலே எழுதியவர் முறையின் ஓட்டைகளை அவரே சொல்லிவிட்டார், அதற்கு நன்றி. ஆனால் பெரிய ஓட்டையை மெல்லத் தாண்டிப் போய்விட்டார். நிழல் பிரிட்டனில் அமெரிக்காவுக்குக் கனமான பங்கு போகிறது. 2017 இறுதியில் வரிக்குறைப்பு, 2021இல் 1.9 டிரில்லியன் டாலர் ஊக்கத்தொகை, சொந்த மண்ணிலேயே எரிவாயு. ஒன்றியத்தில் இருந்திருந்தால் பிரிட்டனுக்கு இதில் எது கிடைத்திருக்கும்? ரஷ்ய எரிவாயு நின்றபோது ஐரோப்பா முழுக்க அடிபட்டது. பிரிட்டனின் இயல்பான ஜோடி ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி. 2016க்குப் பின் பிரிட்டனின் மொத்த ஜிடிபி ஜெர்மனியைவிட அதிகமாகவே வளர்ந்திருக்கிறது. 6, 8 என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: ஒன்றியத்தில் இருந்திருந்தால் பிரிட்டன் ஜெர்மனியை இவ்வளவு தூரம் விட்டு ஓடியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. என் கணிப்பு 1 முதல் 2%.

2016 கணிப்புகளைப் பற்றி. நிதியமைச்சகம் இரண்டு அறிக்கை விட்டது, பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

மே மாத அறிக்கை குறுகிய காலத்துக்கானது. வெளியேற வாக்களித்தால் உடனே மந்தம் வரும், இரண்டே ஆண்டில் ஜிடிபி, ஒன்றியத்தில் இருந்தால் எட்டும் அளவைவிட 3.6% குறையும், வேலையின்மை சுமார் 5 லட்சம் பேர் கூடும் என்றது. நடந்தது என்ன? 2019இல் வேலையின்மை விகிதம் 3.8%, 1970களுக்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. 2017 தொடக்கத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் தலைமைப் பொருளியலாளர் ஆண்டி ஹால்டேனே, 2008 நெருக்கடியைப் பொருளியலாளர்கள் கோட்டைவிட்டதை 1987 புயலைக் கோட்டைவிட்ட வானிலை அறிவிப்பாளரோடு ஒப்பிட்டார், வாக்கெடுப்புக்குப் பிந்தைய கணிப்புகளும் தப்பின என்று ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் அறிக்கை நீண்ட காலத்துக்கானது. 2030இல் ஜிடிபி 6.2% குறைவு, "குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்ட்" என்றார்கள். அந்த 4,300 எப்படி வந்தது? ஜிடிபி இழப்பைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள், அவ்வளவுதான். ஜிடிபி முழுவதும் குடும்ப வருமானம் இல்லை.

நியாயமாக எங்கள் பக்கத்துக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். வெளியேற்றத்தை ஆதரித்த பொருளியலாளர் பாட்ரிக் மின்ஃபோர்டு எல்லா இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டால் விலைவாசி 8% இறங்கும் என்றார். அவர் சொன்ன கொள்கையை எந்த அரசும் செய்யவில்லை, அதனால் அந்தக் கணிப்பு சோதனைக்கே வரவில்லை. எடுத்திருந்தாலும் விலை 8% இறங்கியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, 2025இல் அமெரிக்கா போட்ட வரி. பிரிட்டனுக்கு 10%, ஒன்றியத்துக்கு 15%. வெளியே இருந்ததால் கிடைத்த லாபம் இது. 2016இல் போட்ட கணிப்புகளில் இந்த வரவு இல்லை.

---

சரக்குப்பெட்டி எழுதியது:

ஜிடிபி சண்டையை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 10, 15 விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். 2025இல் ஒன்றியத்துக்குப் போட்ட 15% என்பது வழக்கமான சுங்க வரியையும் சேர்த்த உச்சவரம்பாக இருந்தது. பிரிட்டனின் 10% வழக்கமான வரிக்கு மேல் கூடுதலாக இருந்தது. வழக்கமான வரியே 6% உள்ள பொருள் பிரிட்டனிலிருந்து போனால் 16, ஒன்றியத்திலிருந்து போனால் 15 கட்ட வேண்டியிருந்தது. பொருளுக்குப் பொருள் பார்க்காமல் "5 புள்ளி லாபம்" என்று எழுத முடியாது.

வினாத்தாள், கட்டுரைக்கு உறுதியான தரை வேண்டுமென்றால் எல்லையில் என்ன மாறியது என்பதைப் பிடியுங்கள். 2020 டிசம்பர் 24 முடிவான வர்த்தக ஒப்பந்தத்தைப் "பூஜ்ய வரி" என்றார்கள். அந்தப் பூஜ்யம் பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் *பிறந்த* பொருளுக்கு மட்டும்தான்.

டி-சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னலாடைக்கான பிறப்பிட விதி, துணியைப் பின்னுவதும் வெட்டித் தைப்பதும் இரண்டுமே உள்ளே நடக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டரில் தைத்த சட்டையாக இருந்தாலும் துணி திருப்பூரிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்திருந்தால், ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் டப்ளினில் அதற்கு 12% வரி. முழுச் சட்டையாகவே திருப்பூரிலிருந்து பிரிட்டனுக்கு வந்து, அங்கே வரி கட்டிக் கிடங்கில் இறக்கி, பிறகு அயர்லாந்துக் கடைக்குப் போனால் இரண்டாம் முறை வரி. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பன்றி முக மிட்டாய் இப்படித்தான் 2021 ஜனவரியில் செய்தியானது. ஜெர்மனியில் செய்து, பிரிட்டனுக்கு வந்து, அயர்லாந்துக்குத் திரும்பப் போகும்போது வரி. ஒன்றியத்தில் செய்த பொருளாச்சே என்று தோன்றும். ஆனால் பிரிட்டனில் எந்த வேலையும் செய்யாமல் திருப்பி அனுப்பினால் சலுகை கைமாறாது.

தீர்வு இல்லாமல் இல்லை. பிரிட்டனில் வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து அப்படியே அனுப்பலாம். அல்லது கன்டெய்னரை நேராக நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குத் திருப்பி, அங்கே இரண்டாவது கிடங்கு எடுக்கலாம். பெரிய நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. சின்னக் கடைக்கு இரண்டாவது கிடங்கு கட்டுப்படியாகாது, ஐரோப்பிய வாடிக்கையாளரை விட்டுவிடும்.

உணவுப் பொருள் இன்னும் மோசம். ஒரு லாரி பாலாடைக்கட்டி பிரான்சுக்குப் போக வேண்டுமானால் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று வேண்டும், அது போய்ச் சேரும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கணினி அமைப்பில் முன்னறிவிப்பு, ஏற்றுமதிச் சுங்க அறிவிப்பு, அந்தப் பக்கத்தில் இறக்குமதி அறிவிப்பு, இன்வாய்ஸில் பிறப்பிட வாக்கியம், லாரிக்கு எல்லை எண், பிறகு சோதனைச் சாவடி. முழு லாரியும் ஒரே சரக்கு என்றால் இந்தச் செலவு பரவிவிடும். பத்துப் பதினைந்து பேரின் சரக்கை ஒரே லாரியில் சேர்த்து ஏற்றும்போதுதான் வில்லங்கம். ஒருவர் சான்றில் ஒரு பெட்டி எண்ணிக்கை தப்பினால், மற்ற பதினான்கு பேரின் சரக்கும் சாவடியில் நிற்கும். கெடக்கூடிய சரக்கானால் ஒரு நாள் தாமதமே விலையைத் தின்றுவிடும். இதனாலேயே பல சரக்குக் கம்பெனிகள் உணவைக் கலப்பு லாரியில் ஏற்ற மறுக்கின்றன.

சிப்பி வியாபாரம் காகிதம் நிரப்பியும் தப்பவில்லை. இரண்டாம் தர நீரில் எடுத்த உயிருள்ள சிப்பியைச் சுத்திகரிக்காமல் வெளிநாட்டிலிருந்து ஒன்றியம் வாங்காது. உள்ளே இருந்தவரை பிரான்சில் போய்ச் சுத்திகரித்தார்கள். வெளிநாடு ஆனதும் அந்தக் கதவு மூடிவிட்டது.

எதிர்த் திசையில், பிரிட்டன் தன் இறக்குமதிச் சோதனையைப் பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஏப்ரல் 30 அன்றுதான் நேரடிச் சோதனையைத் தொடங்கியது. டோவர் துறைமுகம் வழியே வந்த நடுத்தர ஆபத்து உணவுக்கு அப்போது கட்டணம் ஒரு சரக்கு வகைக்கு 29 பவுண்ட், ஒரு சான்றுக்கு அதிகபட்சம் 145. 20,000 பவுண்ட் சரக்குக்கு 145 என்பது ஒன்றுமில்லை. 600 பவுண்டுக்கு சாஸேஜும் பாலாடைக்கட்டியும் கலந்து வாங்கும் கடைக்கு அது விலையில் கால்வாசி.

நிறுவன அளவிலான ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. லண்டன் பொருளியல் பள்ளியின் பொருளாதாரச் செயல்திறன் மையம் 2024 இறுதியில் வெளியிட்ட கணக்குப்படி சுமார் 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்தின, 2022இல் பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி 2,700 கோடி பவுண்ட், அதாவது 6.4% குறைந்தது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன, சின்னவைதான் கழன்றன. ஆகவே வெட்டு எண்ணிக்கையில் பெரிதாகவும் தொகையில் சிறிதாகவும் தெரியும். இரு தரப்பும் தத்தமக்கு வேண்டிய எண்ணை இங்கேதான் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

வர்த்தகத் தரவை நீங்களே எடுப்பதாயிருந்தால் ஓர் எச்சரிக்கை. ஒன்றியத்துக்கான ஏற்றுமதித் தரவு 2021 ஜனவரியில் பழைய கருத்தாய்வு முறையிலிருந்து சுங்க அறிவிப்பு முறைக்கு மாறியது. இறக்குமதித் தரவு 2022 ஜனவரியில்தான் மாறியது. இடைப்பட்ட 2021இல் இறக்குமதியாளர்கள் முழு அறிவிப்பை 175 நாள் வரை தள்ளிப்போடலாம் என்றும் விட்டிருந்தார்கள். 2020க்கும் 2022க்கும் நேராகக் கோடு போட்டால் பாதி பிரெக்ஸிட், பாதி படிவ மாற்றம்.

---

கூட்டல்கழித்தல் எழுதியது:

எதிர்த்தரப்பு அவர்களுக்கு. மே 2016 அறிக்கை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஏன் தப்பு என்றும் பார்க்க வேண்டும். வெளியேறும் நோட்டீஸ் உடனே போகும் என்றும் மத்திய வங்கி சும்மா இருக்கும் என்றும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நோட்டீஸ் போனது 2017 மார்ச் 29. வங்கியோ 2016 ஆகஸ்டிலேயே வட்டியை 0.25 சதவீதமாக்கி, 6,000 கோடி பவுண்டுக்கு அரசுப் பத்திரம் வாங்க இறங்கியது. பதற்றம் எவ்வளவு வரும் என்று சொல்வதும், வேலி போட்டால் வியாபாரம் எவ்வளவு குறையும் என்று சொல்வதும் வேறு வேறு வேலை. முதலாவதில் தோற்றவர்கள் இரண்டாவதிலும் தோற்றாக வேண்டும் என்பதில்லை.

ஜெர்மனி ஒப்பீடும் அப்படியே செல்லாது. ரஷ்யக் குழாய் எரிவாயுவை அந்த அளவுக்கு நம்பியிருந்தது ஜெர்மனி, பிரிட்டன் இல்லை. அந்த அடியை வாங்கிய நாட்டை அளவுகோலாக்கினால் யாரும் நன்றாகத்தான் தெரிவார்கள். தவிர, மொத்த ஜிடிபியில் ஆள் கூடியதும் சேர்ந்திருக்கிறது. 2023இல் பிரிட்டனுக்கு நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள், படம் மங்கிவிடும். அமெரிக்க எடை பற்றிய உங்கள் ஆட்சேபம் மட்டும் நிற்கிறது. 8 என்பதை நானும் மேல்வரம்பாகவே வைப்பேன்.

---

வினாத்தாள் கேட்டது:

மிக்க நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். வெளியேறச் சொன்ன பிரசாரத்தில், ஒன்றியத்துக்கு அனுப்புவதாகப் பேருந்தில் எழுதி ஓட்டிய "வாரம் 35 கோடி பவுண்ட்" எங்கே போனது? புதிய நாடுகளோடு போட்ட ஒப்பந்தங்கள் ஈடு செய்யாதா?

---

கூட்டல்கழித்தல் எழுதியது:

இரண்டாவது எளிது, பிரிட்டிஷ் அரசின் சொந்த மதிப்பீடுகளையே கூட்டுங்கள். ஆஸ்திரேலியா 0.08%, நியூசிலாந்து 0.03%, பசிபிக் நாடுகளின் கூட்டு ஒப்பந்தம் 0.06%, 2025 ஜூலை 24 கையெழுத்தான இந்திய ஒப்பந்தம் 0.13%. மொத்தம் 0.3%, அதுவும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. திருப்பூர் பின்னலாடைக்கு வரி நீங்குவது நமக்குப் பெரிய விஷயம். பிரிட்டனின் ஜிடிபியில் அது தூசு.

35 கோடி என்பது ஒன்றியச் சந்தாவில் பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடிக்கு முந்தைய தொகை. தள்ளுபடி பிரசல்ஸுக்குப் போகாமலே கழிந்துவிடும், ஆகவே உண்மையில் போனது வாரம் 25 கோடி. விவசாய மானியம் போன்றவையாகத் திரும்பி வந்ததைக் கழித்தால் 2015இல் ஆண்டுக்கு நிகரம் சுமார் 850 கோடி பவுண்ட்.

அந்த 850 கோடியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய ஜிடிபி ஏறத்தாழ 2 லட்சம் கோடி பவுண்ட். 1% குறைந்தால் 2,000 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு வரியாக வரும் என்றால் அரசுக்கு இழப்பு சுமார் 660 கோடி. ஜிடிபி 1.3% குறைந்தாலே சந்தாவில் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும்.

---

எதிர்த்தரப்பு எழுதியது:

அந்த 1.3 என்னுடைய 1 முதல் 2% வரம்புக்கு நடுவில் விழுகிறது என்பதைக் கவனித்தேன், மறைக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது சராசரி வரி விகிதம். சரக்குப்பெட்டி சொன்ன மாதிரி கழன்றது சின்ன ஏற்றுமதியாளர்கள்தான், லண்டன் நிதிச் சேவை அல்ல என்றால், இழந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் கஜானா இழந்த வரி அதைவிடக் குறைவாக இருக்கும். கால்வாசி என்று வைத்தால் சமநிலைப் புள்ளி 1.7%. கட்டுரையில் இரண்டையும் போடுங்கள்.